உலோக விமானத்தின் உள்பக்கத்துக்குப் பிரைமர்: எங்கே கட்டாயம், எங்கே கூடாது

வான்ஸ் ஆர்வி போன்ற, பாகங்களாக வாங்கிப் பூட்டும் விமானத்தை வீட்டுக் கொட்டகையில் கட்டுகிறவருக்கு வால் பகுதிப் பெட்டி வந்து இறங்கிய அன்றே இந்தக் கேள்வி வந்துவிடும்: உள்பக்கம் முழுக்கப் பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டுமா? எல்லாப் பாகத்துக்கும் ஒரே பதில் கிடையாது. தகடு எந்தக் கலவை, அது எதோடு ஒட்டி உட்காருகிறது, விமானம் எந்த ஊரில் நிற்கப்போகிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஆர்வியின் வெளித்தகடு 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் செய்த ஆல்கிளாட். 2024 கலவையில் 4 சதவீதத்துக்கு மேல் செம்பு உண்டு. அதன் பலத்துக்கும் செம்புதான் காரணம், சீக்கிரம் அரித்துப்போவதற்கும் அதுவே காரணம். அதனால்தான் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை ஒரு படலமாக ஏற்றித் தகட்டை உருட்டுகிறார்கள், அதுதான் ஆல்கிளாட். 0.032 அங்குலத் தகட்டில் அந்தப் படலம் ஒரு பக்கத்துக்கு சுமார் 0.04 மி.மீ., ஒரு தலைமயிரின் தடிமன்கூட வராது. ஆனாலும் சின்னக் கீறல் விழுந்தால் முதலில் கரைவது படலம்தான். உள்ளிருக்கும் 2024 தப்பிக்கும். உள்பக்கம் பிரைமரே இல்லாமல் வெளிவந்த பழைய செஸ்னாக்கள் பல இன்னும் பறப்பது இதனால்தான். வறண்ட ஊரில், ஹேங்கருக்குள் நிற்கப்போகும் விமானத்தின் ஆல்கிளாட் பரப்புகளை வெறுமனே விட்டாலும் பாதகமில்லை. ஜெனித் விமானங்களில் வரும் 6061-டி6 தகட்டுக்கு ஆல்கிளாட் படலம் கிடையாது, ஆனால் செம்பு மிகக் குறைவு என்பதால் அது தானாகவே நன்றாகத் தாங்கும்.

இனி விட்டுவிடக் கூடாத இடங்கள். ஆல்கிளாட் இல்லாத 2024 ஆங்கிள், பட்டை எல்லாவற்றுக்கும் பிரைமர் கட்டாயம். ரிப்பின் (தகட்டை உள்ளிருந்து தாங்கும் சட்டம்) விளிம்பும் தகடும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பரப்புகளுக்கும் அப்படியே. அந்த இடுக்குக்குள் ஈரம் தானாக ஏறும், லேசில் காயாது. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்தபின் அங்கே தூரிகை நுழையாது. குரோமோலி எஃகுப் பாகம் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர் வேண்டும். இருக்கைக்கு அடியில் உள்ள தரை, பேட்டரித் தட்டு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் வைக்கப்போகிறீர்கள், அல்லது மிதவை பூட்டப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுக்க அடியுங்கள்.

எரிபொருள் தொட்டியின் உள்பக்கம் மட்டும் பிரைமர் படக் கூடாது. அங்கே கசிவை அடைக்கும் பாலிசல்பைடு சீலன்ட் நேராகத் தேய்த்த உலோகத்தைப் பிடிக்க வேண்டும். மின் எர்த் இணைப்பு வரும் இடங்களிலும் பூச்சை நீக்கிவிடுங்கள்.

துளையிடுதல், பிசிறு எடுத்தல், டிம்பிள் (ரிவெட் தலை உட்காரத் தகட்டில் போடும் குழி) எல்லாம் முடிந்த பிறகே பூச்சு வேலை. முன்னாடியே அடித்தால் டிம்பிளின் வளைவில் பூச்சு வெடிக்கும். அசிடோனில் நனைத்த துணியால் எண்ணெயைத் துடையுங்கள். பிறகு மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால், தண்ணீர் விட்டு, பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் அந்த 0.04 மி.மீ. போய்விடும். எஃகு நாரும் எஃகுத் தூரிகையும் வேண்டாம், அவற்றின் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அரிப்பு தொடங்கும். கழுவியபின் தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பத் துடையுங்கள். இதற்கு மேல் வெறும் கை படக் கூடாது.

இரண்டு பாக எபாக்ஸி பிரைமரை டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, சொன்ன நேரம் காத்திருந்து, ஒரே மெல்லிய கோட்டாக அடியுங்கள். காய்ந்தபின் 15 முதல் 25 மைக்ரான் போதும். உலோகம் லேசாகத் தெரிகிறதே என்று இன்னொரு கோட் அடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். 20 மைக்ரான் பூச்சே சதுர மீட்டருக்கு சுமார் 30 கிராம். எல்லாப் பாகங்களின் இரு பக்கத்தையும் கூட்டினால் கிலோ கணக்கில் ஏறும். முகத்தில் ஆவி வடிகட்டும் முகமூடி இருக்கட்டும். குரோமேட் கலந்த பிரைமர் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உலர்ந்த பூச்சைத் தேய்க்கும் தூசியும் அப்படித்தான்.

அலோடைன் (அலுமினியத்தின் மேல் அரிப்பைத் தடுக்கும் படலம் உண்டாக்கும் ரசாயனக் கரைசல்) போடுகிறவர்கள் கவனிக்க: அதன்மேல் அமிலம் கலந்த வாஷ் பிரைமர் அடிக்காதீர்கள், அமிலம் அலோடைன் படலத்தையே தின்றுவிடும். அலோடைன் துடைத்த துணி காய்ந்தால் தீப்பிடிக்கும். உடனே தண்ணீரில் அலசுங்கள்.

பிரைமரை விடக் கவனம் வேண்டியது சில பழக்கங்களில். தகட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள். கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் மின்கலம் போல வேலை செய்து, கோடு போன வழியே உலோகம் அரிக்கும். மார்க்கர் பேனா போதும். தகட்டோடு வரும் நீல பிளாஸ்டிக் படலத்தை ஆண்டுக்கணக்கில் விடாதீர்கள். ஈரம் அடியில் புகுந்து வெள்ளைத் திட்டு விழும், பசையும் இறுகிப்போகும்.

பிரைமர் இல்லாமல் கட்டி முடித்தவர்களுக்கும் வழி உண்டு. ஏசிஎஃப்-50 போன்ற, அரிப்பைத் தடுக்கும் எண்ணெயை உள்ளே புகையாகப் பீய்ச்சலாம். வெளிப் பெயிண்ட் முடிந்த பிறகு மட்டும் செய்யுங்கள். முன்னாடியே செய்தால் ரிவெட் விளிம்புகளில் எண்ணெய் கசிந்து பெயிண்ட் ஒட்டாது.