ஐ.பி.எஸ். வயிற்றுக்கு ஒரு தாளிப்புக் குறிப்பு

சாப்பிட்டதும் வயிறு உப்பி, வலித்து, கழிவறைக்கு ஓட வைக்கும் ஐ.பி.எஸ். (IBS, எரிச்சல் குடல் நோய்) தொல்லைக்குப் பலரும் மிளகாயைத்தான் குறை சொல்வார்கள். அதற்கும் பங்குண்டு, சரி. ஆனால் வெங்காயத்தையும் பூண்டையும் சந்தேகப்பட்டுப் பாருங்கள். அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற ஒருவகை கார்போஹைட்ரேட் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை ஒதுக்கிவைத்துச் சாப்பிடுவதில் பயனில்லை. பூண்டுப் பற்களை முழுசாக எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அப்புறம் அதே எண்ணெயில் தாளியுங்கள். மணம் அப்படியே இருக்கும். அந்த எண்ணெயைச் சேர்த்துவைக்க வேண்டாம், கிருமி வளரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போடலாம். இப்படி வெங்காயத்தையும் பூண்டையும் தவிர்த்து 4 வாரம் பார்த்துவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.