தடுமாறும் நாயகனைப் பேத்தியோடு உட்கார்ந்து எடைபோடுவது எப்படி

மே மாத லீவுக்குப் பேரன் பேத்திகள் வந்து இறங்கினால் டிவி ரிமோட் நம் கையை விட்டுப் போய்விடும். அதைப் பிடுங்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. நாமும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், ஆனால் என்ன பார்ப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தோற்றே அறியாத சூரர்கள் வேண்டாம். பத்து பேரை அடித்துவிட்டுச் சட்டை கசங்காமல் நிற்கிறவனைப் பற்றிக் குழந்தையிடம் பேச ஒன்றுமே இருக்காது. நல்லது செய்யப் புறப்பட்டுத் தன் காலே தடுக்கி விழுகிற ஆள் ஒருவனைத் தேடிப் பிடியுங்கள்.

என் சிபாரிசு ஹாங்காங் ஃபூயி. 1974-ல் அமெரிக்காவின் ஏபிசி டிவியில் வந்த, ஹன்னா-பார்பெரா கம்பெனி எடுத்த கார்ட்டூன். மொத்தமே 16 எபிசோடுதான். அந்த ஊரில் குங்ஃபூ மோகம் தலைக்கேறியிருந்த சமயம் அது. பென்ரி என்கிற நாய் போலீஸ் ஸ்டேஷனில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருக்கிறது. திருட்டு, கொள்ளை என்று போன் வந்துவிட்டால் ஃபைல் கேபினெட்டுக்குள் புகுந்து, முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு ஹாங்காங் ஃபூயியாக வர வேண்டும். வர முடியாமல் டிராயருக்குள் சிக்கிக்கொள்ளும். ஸ்பாட் என்கிற பூனை ஒரு போடு போட்டால்தான் வெளியே வரும். அப்புறம் குங்ஃபூ புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, சண்டைக்கு நடுவில் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வித்தை காட்டும்.

முதல் தடவை நிறுத்தாமல் ஓட விடுங்கள். குழந்தை சிரிக்கட்டும், நீங்களும் சிரியுங்கள். உபதேசத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

நான் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் காலம் தள்ளியவன். விரலி மஞ்சளை மேல்தோலைப் பார்த்து விலை சொல்ல மாட்டோம். ஒடித்து, சத்தத்தைக் கேட்டு, உள்ளே நிறத்தைப் பார்ப்போம். இரண்டாம் தடவை பார்க்கும்போது அதுமாதிரி ஒடித்துப் பார்க்கிற இடங்களில் நிறுத்துங்கள்.

ஸ்டேஷன் போலீஸ்காரர் சார்ஜென்ட் ஃபிளின்ட் பென்ரியைப் பார்த்து எரிந்து விழுகிற இடம் ஒன்று. முகமூடிக்குப் பின்னால் ஊரே கொண்டாடுகிற ஆள் இருக்கிறான், ஆனால் துடைப்பத்தோடு வாங்குகிற திட்டுக்கு முகமூடியோடு போய்ப் பழி தீர்ப்பதில்லை. இதைக் குழந்தைகள் தாங்களாகக் கவனிக்க மாட்டார்கள். "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள் போதும்.

அடுத்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கெட்டவனைத் துரத்துகிற அவசரத்தில் ஹாங்காங் ஃபூயி சும்மா போகிறவர்கள் மேல் போய் மோதுவான். மோதுபட்டவர் கோபப்படவே மாட்டார், இத்தனை பெரிய வீரன் நம் மேல் மோதினானே என்று பூரித்துப்போவார். எல்லோரும் சிரிக்கிற காட்சி இது. எனக்குச் சிரிப்போடு வயிற்றெரிச்சலும் வரும். பெரிய மனுசன் கார் வேலியைச் சாய்த்துவிட்டுப் போனால், "பரவாயில்லீங்க, நீங்க நம்ம ஊருக்கு வந்ததே பெருசுங்க" என்று கும்பிடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்டவனே நன்றி சொன்னால் அடித்தவனுக்குத் தான் செய்தது எப்படித் தெரியும்? அதனால் இந்தக் காட்சியில் தப்பு யாருடையது என்று குழந்தையிடம் கேளுங்கள். மோதினவனைக் காட்டுவார்கள். கொஞ்சம் பொறுத்து, "ஏன் கண்ணு, அவரு வலிக்குதுன்னு சொல்லலை?" என்று கேளுங்கள். ஹாங்காங் ஃபூயியிடம் எனக்குள்ள ஒரே குறை இந்த இடத்தில்தான். தடுமாறுவது குறையே இல்லை, கை கால் சொன்னபடி கேட்காதவர்கள் உலகத்தில் பாதிப்பேர். இவன் திரும்பிப் பார்ப்பதில்லை. யார் மேல் மோதினோம், யாருக்கு என்ன ஆச்சு என்று நின்று பார்க்காதவரைக்கும், நல்ல மனசு என்பது பாதி விலைதான் பெறும்.

கடைசியாகத் திருடன் பிடிபடுகிற இடம். பெரும்பாலும் ஸ்பாட் செய்த வேலையாக இருக்கும், இல்லாவிட்டால் குருட்டு அதிர்ஷ்டம். பாராட்டு மட்டும் முகமூடிக்கு. என் பேத்திக்கு இங்கே பொறுக்கவில்லை.

"அப்புச்சி, பூனைக்கு ஏன் ஆருமே கை தட்டலை? அவன் ஏமாத்துக்காரன்."

"ஏமாத்தறவனுக்குத் தான் ஏமாத்தறது தெரியணுமல்லோ அம்மிணி. இவனுக்குத் தெரியுமா?"

யோசித்தாள். தெரியாது என்றாள். தான்தான் பிடித்தோம் என்று அவன் நிஜமாகவே நம்புகிறான். அதனால் அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருதடவைகூட, "ஸ்பாட்டு, இது எப்படி நடந்துச்சு?" என்று கேட்பதில்லையே என்றேன். குழந்தைகள் தீர்ப்புச் சொன்னால் ஒரேயடியாகச் சொல்வார்கள், நல்லவன் அல்லது கெட்டவன். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு நீங்களும் ஒரு தீர்ப்பைத் திணிக்காதீர்கள்.

அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேளுங்கள். அவன் நம் வீட்டுக்கு ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வந்தால் சேர்த்துக்கொள்வாயா? உன் சைக்கிளை ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுப்பாயா? பிடித்திருப்பது வேறு, நம்பி ஒன்றைக் கொடுப்பது வேறு என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். பேத்தி முதல் கேள்விக்கு உடனே தலையாட்டினாள். சைக்கிளுக்கு மட்டும், "ஸ்பாட் பின்னாடி உக்காந்தா குடுக்கறேன்" என்றாள்.

வீட்டில் பொடுசுகள் நாலைந்து பேர் இருந்தால் டிவியை அணைத்துவிட்டு நடிக்க விடுங்கள். துண்டு ஒன்று போதும் அங்கிக்கு. எல்லோரும் ஹாங்காங் ஃபூயி வேஷத்துக்கே அடித்துக்கொள்வார்கள், விடுங்கள். ஸ்பாட்டுக்கு வசனமே கிடையாது. அந்த வேஷத்தை இருப்பதிலேயே அதிகமாக வாயடிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள்.