வன்பொருள் குறுக்கீட்டைச் சோதனையில் உருவகப்படுத்துவது எப்படி?

எம்பெடெட் மென்பொருளில் (கருவிகளுக்குள் இருக்கும் சில்லில் ஓடும் நிரலில்) குறுக்கீடு, அதாவது ஓடும் நிரலை இடைநிறுத்தி வன்பொருள் எழுப்பும் அழைப்பு (interrupt), என்ன செய்கிறது என்பதைச் சோதிப்பது எளிது. அது எந்தக் கணத்தில் வந்து விழுகிறது என்பதில்தான் சிக்கலான பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் ஹேண்ட்லரை, அதாவது குறுக்கீடு வந்ததும் ஓடும் ஃபங்ஷனை, இரண்டாகப் பிரியுங்கள். வன்பொருளின் ரெஜிஸ்டரைத் தொடும் இரண்டு மூன்று வரிகள் ஹேண்ட்லரிலேயே இருக்க, மற்ற வேலைகளைத் தனி ஃபங்ஷனாக்கினால், பஃபர் (வரும் பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் இடம்) நிரம்பிய பின்னும் ஒரு பைட் வந்தால் என்னவாகும் என்பதைச் சாதாரணக் கணினியிலேயே அந்த ஃபங்ஷனை அழைத்துப் பார்த்துவிடலாம்.

கணம் சார்ந்த பிழைகள் அங்கே சிக்கமாட்டா. ஒரு நேரத்தில் ஒரு பைட்டை மட்டுமே படிக்கும் 8 பிட் ஏவிஆர் (AVR) சில்லில், டைமர் குறுக்கீடு கூட்டிக்கொண்டே போகும் 16 பிட் எண்ணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 255ஆக இருக்கையில் முதன்மை நிரல் கீழ் பைட்டைப் படிக்கிறது: 255. அந்த நொடியில் குறுக்கீடு வந்து எண்ணியை 256 ஆக்குகிறது. பிறகு படிக்கப்படும் மேல் பைட் 1. சேர்த்தால் 1 × 256 + 255 = 511, அப்போது எண்ணியில் இல்லாத மதிப்பு. எண்ணியை வோலடைல் (volatile, ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்னும் குறிப்பு) என்று அறிவித்திருப்பது இங்கே உதவாது; அது கம்பைலரைக் கட்டுப்படுத்துமே தவிர, குறுக்கீட்டைத் தடுக்காது.

இதைப் பிடிக்க, சிம்ஏவிஆர் (simavr) போன்ற, சில்லைக் கணினியில் உருவகப்படுத்தும் சிமுலேட்டரில் எண்ணியை 255இல் வைத்து, படிக்கும் பகுதியின் முதல் கட்டளைக்குப் பின் குறுக்கீட்டை எழுப்புங்கள்; அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதற்குப் பின், என ஒவ்வோர் இடைவெளியிலும் எழுப்பிப் பாருங்கள். விடை 255 அல்லது 256 ஆக மட்டுமே இருக்க வேண்டும். படிக்கும்போது குறுக்கீட்டை முடக்கித் திருத்திய பின், அதே வரிசையை மறுபடி ஓட்டி, காத்திருந்த குறுக்கீடு தொலையாமல் எண்ணி 256ஐ எட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உண்மையான போர்டில், கார்டெக்ஸ்-எம் (Cortex-M) சில்லாக இருந்தால், குறுக்கீடுகளைக் கையாளும் என்விஐசி (NVIC) பகுதியின் ஐஎஸ்பிஆர் (ISPR) ரெஜிஸ்டரில் உரிய பிட்டில் 1 எழுதினால், அனுமதிக்கப்பட்டுள்ள குறுக்கீடு வந்துவிடும். எழுதியவுடன், அந்த எழுத்து முடியும்வரை காக்கவைக்கும் டிஎஸ்பி (DSB), ஐஎஸ்பி (ISB) கட்டளைகளைச் சேர்க்காவிட்டால், அடுத்த ஓரிரு கட்டளைகள் அதற்கு முந்திக்கொள்ளக்கூடும். ஆனால் இப்படி எழுப்பும்போது யூஆர்ட்டின் (UART, பைட்டுகளை அனுப்பிப் பெறும் வன்பொருள்) நிலைக்கொடி, அதாவது பைட் வந்துவிட்டது எனக் காட்டும் பிட், உயர்வதில்லை. கொடியைப் பார்த்தபின் வேலை செய்யும் ஹேண்ட்லர் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட, சோதனையோ வெற்றி என்று காட்டக்கூடும். அத்தகைய ஹேண்ட்லருக்கு, யூஆர்ட்டின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு கம்பியால் இணைத்து உண்மையான பைட்டை அனுப்பிவிடுவதே நல்லது.