ஒரே மாத்திரை, இரண்டு வைரஸ்கள்: எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர் கல்லீரலைக் கவனித்துக்கொள்ளும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, அரசு கிளினிக்கில் எச்.ஐ.வி.க்கு மருந்து பெறுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தரப்படுவது டி.எல்.டி. எனப்படும் ஒற்றை மாத்திரை. அதனுள் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என மூன்று மருந்துகள் உள்ளன. இவற்றுள் முதல் இரண்டும் எச்.ஐ.வி.யை மட்டுமன்றி, கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. ஆகவே இரண்டு தொற்றும் உள்ள ஒருவர், இரண்டாவது தொற்று தமக்கு இருப்பதே தெரியாமல், அதற்கும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்றுவர முடியும். தெரியாமல் பெறும் சிகிச்சை தெரியாமலே நின்றும் போகலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இந்த வழிகாட்டி. அவர் சொல்வதற்கு இது மாற்று அன்று.

முதலில் ஒரு சொல்லை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கல்லீரல் நோய் எதுவானாலும் நம் வீடுகளில் ‘மஞ்சள் காமாலை’ என்று சொல்லிவிடுகிறோம். காமாலை ஓர் அறிகுறி மட்டுமே. அசுத்த நீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ, பித்தக் குழாயை அடைக்கும் கல், மருந்தின் பக்கவிளைவு என எதனாலும் கண் மஞ்சளாகலாம். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி நாள்பட்டு உடலில் தங்கிவிட்டவருக்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் கண் வெண்மையாகவே இருக்கலாம். எனவே செவிலியர் ஹெப்படைட்டிஸ் பற்றிக் கேட்கும்போது, “எனக்குக் காமாலை வந்ததே இல்லை, சிஸ்டர்” என்று சொல்வது அவருடைய கேள்விக்கு விடையாகாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே விடை தரும்.

கேட்டுப் பெற வேண்டிய பரிசோதனையின் பெயர் எச்.பி.எஸ். ஆன்டிஜென். ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதமான இதைத்தான் பரூக் புளூம்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் கண்டறிந்து, 1976 இல் நோபல் பரிசு பெற்றார். இந்த ஆன்டிஜென் ஆறு மாதங்களுக்கு மேல் இரத்தத்தில் நீடித்தால் தொற்று நாள்பட்டது என்று பொருள். ஆன்டிஜென் இல்லையென்றால் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடியின் அளவையும் கேளுங்கள். அது 10 அலகோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. இரண்டும் இல்லாமல், முன்பு தொற்று வந்துபோனதைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் இல்லாதவர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியவர். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1995 இல்தான் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று முப்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர், சிறுவயதில் அதைப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தடுப்பூசி சற்று மந்தமாகவே வேலை செய்வதால், கடைசித் தவணைக்கு ஓரிரு மாதங்கள் கழித்து ஆன்டிபாடியை அளந்து பார்ப்பது பயனுள்ளது.

எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கும்போதே எச்.பி.எஸ். ஆன்டிஜென் பார்க்க வேண்டும் என்பது இந்நாட்டு வழிகாட்டு நெறிகளில் உள்ளதே. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவர், தனியார் மருத்துவரிடமிருந்து அரசு கிளினிக்குக்கு மாறியவர், வேறு மாகாணத்திலிருந்து வந்தவர் ஆகியோரின் கோப்பில் அந்தத் தாள் இல்லாமல் போவது எளிது. முடிவு கைக்கு வந்ததும் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொற்று இருப்பது உறுதியானால், ‘ஹெப்படைட்டிஸ் பி உண்டு, டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது’ என்ற ஒரு வரியைச் செவிலியருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதிக் கிளினிக் அட்டையோடு வைத்திருங்கள். இதில் சொல்லப்படும் மற்றவற்றை மறந்தாலும் இந்த ஒரு வரி போதும் என்பேன்.

அது ஏன் இவ்வளவு முக்கியம்? டெனோஃபோவிர் ஹெப்படைட்டிஸ் பி வைரஸை ஒடுக்குகிறதே தவிர ஒழிப்பதில்லை. அந்த வைரஸ் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு வளையமாகப் பதுக்கி வைக்கிறது. இன்றைய மருந்துகள் எவையும் அதை எட்டுவதில்லை. மாத்திரை நின்றால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வைரஸ் மீண்டும் பெருகி, அதை எதிர்த்து உடல் நடத்தும் போரில் கல்லீரல் வெந்துபோகும். ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரலானால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். 2006 இல் முடிவு வெளியான ஸ்மார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு, நோய் எதிர்ப்புச் செல்கள் போதுமான அளவு இருக்கும்போது எச்.ஐ.வி. மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று சோதித்தது. இடைவெளி விட்டவர்களிடையே மரணமும் பிற கடும் நோய்களும் கூடியதால் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு வாய் நீரோடு விழுங்கும் மருந்தால் விரதம் கெடாது என்று கோயில் பெரியவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

நோயாளி தாமாக நிறுத்தாமலே டெனோஃபோவிர் நின்றுபோகும் சந்தர்ப்பங்களும் உண்டு. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிப்பதால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியவுடன் அதை எடுத்துவிட்டு அபகாவிர் போன்ற வேறொன்றைக் கொடுப்பது வழக்கம். அப்போது லாமிவுடின் மட்டுமே ஹெப்படைட்டிஸ் பி-யை எதிர்த்து நிற்கும். தனித்து நிற்கும் லாமிவுடினுக்கு எதிராக, இரு தொற்றும் உள்ளவர்களில் நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் வைரஸ் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று 1999 இலேயே காட்டியது. டெனோஃபோவிரின் அளவைக் குறைப்பது, அதன் புது வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடுக்கு மாறுவது, என்டெகாவிர் என்ற ஹெப்படைட்டிஸ் பி மருந்தைக் கூடுதலாகச் சேர்ப்பது ஆகிய வழிகள் உள்ளன. எதுவென்று மருத்துவர் தேர்வார், உங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பதை நீங்கள் நினைவூட்டினால் போதும். முழுமையான எச்.ஐ.வி. சிகிச்சை இல்லாமல் என்டெகாவிரைத் தனியே எடுப்பதும் தவறு, அது மருந்துக்கு எதிரான எதிர்ப்புத்திறனை எச்.ஐ.வி.யில் வளர்க்கும். கபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்த நீண்டகால ஊசிக்கோ, டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டுமுள்ள இருமருந்து மாத்திரைக்கோ மாறச் சொன்னாலும், ‘என் ஹெப்படைட்டிஸ் பி-க்கு மருந்து என்ன?’ என்று கேளுங்கள். ஊசி வசதியானதுதான், ஆனால் ஹெப்படைட்டிஸ் பி-க்கு அது ஒன்றும் செய்யாது.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கல்லீரல் நோயால் இறப்பவர்கள், ஹெப்படைட்டிஸ் பி மட்டும் உள்ளவர்களிடையே 0.8, எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களிடையே 1.7, இரண்டும் உள்ளவர்களிடையே 14.2 என்பது அதன் கணக்கு. எண்களைக் கண்டு அஞ்சுமுன் அவை யாருடையவை என்று பாருங்கள். அந்த ஆய்வு பெரும்பாலும் டெனோஃபோவிர் வருமுன் வாழ்ந்தவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் வயதுவந்தபின் தொற்றுற்றவர்கள். இங்கோ குழந்தைப் பருவத்திலேயே தொற்று வருவது மிகுதி, சுற்றிவரும் வைரஸும் பெரும்பாலும் ஏ1 என்ற உட்பிரிவைச் சேர்ந்தது. அந்த உட்பிரிவு இளம்வயதிலேயே கல்லீரல் புற்றுநோயைத் தரவல்லது என்பதை ஜொகானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அந்த அமெரிக்க எண்களிலிருந்து போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் ஆயுளை அவற்றால் கணிக்க வேண்டாம்.

கல்லீரலில் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதை வீட்டில் தாளும் பேனாவும் கொண்டே ஓரளவு கணக்கிடலாம். இரத்த முடிவில் ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் எண்ணை, ஆய்வகம் குறித்துள்ள இயல்பான உச்ச அளவால் வகுத்து, நூறால் பெருக்கி, தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையால், அதை ஆயிரங்களில் எடுத்து, வகுக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 72, உச்ச அளவு 40, தட்டணு 120 என்றால் விடை 1.5. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஆம் ஆண்டு ஹெப்படைட்டிஸ் பி வழிகாட்டலின்படி 0.5 ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க தழும்பும், 1 ஐத் தாண்டினால் சிரோசிஸ் எனப்படும் முற்றிய தழும்பும் இருக்கக்கூடும். இது சந்தேகத்தை எழுப்பும் கணக்கு மட்டுமே, நோயை உறுதிசெய்வதன்று. எண் கூடியிருந்தால் ஸ்கேனுக்கு வழி கேளுங்கள். சிரோசிஸ் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் செய்துகொள்வது புற்றுநோயைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க உதவும். கிளினிக்குக்கே போகாமல் பிக்-அப் பாயிண்டில் மாத்திரை வாங்குகிறவர்கள் இத்தகைய பரிசோதனைகளைத் தவறவிட்டுவிடுவது எளிது.

காசநோய் மருந்தும் சேரும்போது கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைச் சோதிப்பவை. குமட்டல், பசியின்மை, அடர்ந்த நிறச் சிறுநீர் தோன்றினால் அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே போக வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் சி வேறு கதை. அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் முழுக் குணம் உண்டு. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமடைகிறார்கள், எச்.ஐ.வி. இருந்தாலும் அப்படியே. இந்நாட்டில் அது பொதுவாக அரிது. ஊசிவழிப் போதைப்பொருள் எடுப்பவர்களிடையே மிகுதி. ‘சுகர்ஸ்’ என்ற ஹெராயின் கலவை நம் தெருக்களிலும் நுழைந்துவிட்ட பின், ஊசி பகிர்ந்த பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதைவிடப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதே வீட்டார் செய்யத்தக்கது. சி-க்கு மருந்து தொடங்குமுன் பி-யையும் பார்த்துவிட வேண்டும்; சி அடங்கும்போது, மருந்தில்லாத பி கிளர்ந்தெழுவதுண்டு.

இனி, நம்மவர் கட்டாயம் கேட்கும் கேள்வி, கீழாநெல்லி. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் பணியாற்றியவர்களும், முன்னர் குறிப்பிட்ட புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988 இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது நாள் கீழாநெல்லிச் சூரணம் உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் எச்.பி.எஸ். ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. பெருமைப்படத்தக்க தொடக்கம்தான். ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்த முடிவு மீண்டும் கிடைக்கவில்லை, அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர்களும் நம்பத்தக்க சான்று இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். கீழாநெல்லியைக் குடிக்கும் ஆயாவோடு சண்டையிட வேண்டியதில்லை, ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. பெயர் தெரியாத கலவைப் பொடிகளையும் ‘இம்பிஸா’ போன்ற நாட்டுக் கஷாயங்களையும் எடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுவைப் பொறுத்தவரை, புரட்டாசி முழுவதும் தொடாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு ஐப்பசியிலும் அது முடியும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் சோள மாவையும் கொட்டிவிடுங்கள். அவற்றில் உண்டாகும் அஃப்லாடாக்சின், ஹெப்படைட்டிஸ் பி-யோடு சேர்ந்து கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது.

தொற்று உறுதியானவரின் துணையும் பிள்ளைகளும் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்து உண்பதால் இது பரவாது. சவரக் கத்தியையும் பல்துலக்கியையும் மட்டும் தனியே வைத்துக்கொள்ளலாம். கருவுற்றிருப்பவருக்கு ஹெப்படைட்டிஸ் பி இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யும்படி பிரசவத் தேதிக்கு முன்பே சொல்லி, அதைக் கர்ப்பகால அட்டையில் எழுதச் செய்யுங்கள். குழந்தை ஆறாவது வாரத்தில் பெறும் வழக்கமான ஊசி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் தொற்றைத் தடுக்க மிகவும் தாமதமானது.