சமூக ஒப்பந்தம் பேசும்போது சறுக்கும் இடங்கள்

சென்ற மாதம் சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து சொன்னார்: "இந்த நாட்டுத் தண்ணியக் குடிக்கிறோம், ரோட்டுல போறோம். அப்படின்னா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டோம்னுதானே சார் அர்த்தம்?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் காது சுட்டது. பத்தொன்பது வயதில் ஒரு விவாத மேடையில் நான் பேசியதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான். தண்ணீருக்குப் பதில் பினாங்குப் பாலம் என்று சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடையின் மாடியில், புகுமுக மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே அடிக்கடி வரும் தலைப்பு சமூக ஒப்பந்தம்: அரசின் அதிகாரம் மக்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்ற கருத்து. அதைப் பேசும்போது வரும் தவறுகளில், ஆண்டுகளைக் குழப்புவது, பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவவாதி ரூசோவின் பெயரைத் தப்பாக உச்சரிப்பது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். மற்றவற்றுக்கு வருகிறேன்.

மூவரையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது

"மக்களும் மன்னரும் ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஹாப்ஸ், லாக், ரூசோ கூறினர்" என்று தொடங்கும் கட்டுரை வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. ஹாப்ஸும் லாக்கும் ஆங்கிலத் தத்துவவாதிகள். ஹாப்ஸ் அப்படிச் சொல்லவே இல்லை. 1651-இல் வந்த அவருடைய 'லெவயதான்' நூலில், ஒப்பந்தம் என்பது மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. ஆள்பவர் அதில் ஒரு தரப்பே இல்லை. ஆகவே அவர் அதை மீறினார் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதிய மனிதர், அந்தக் கதவை வேண்டுமென்றேதான் அடைத்தார். லாக் அதைத் திறக்கிறார்: ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு, நம்பிக்கை கெட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 1762-இல் எழுதிய ரூசோவிடம் இறையாண்மை மக்களை விட்டு நகர்வதே இல்லை. அரசாங்கம் அவர்களுடைய ஏவலாள்.

"ஒப்பந்தத்தை மீறிய மன்னனை நீக்கலாம்" என்பதற்கு ஹாப்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எந்த வருடம் கையெழுத்தானது?

எந்த வருடமும் இல்லை. ஒரு சட்டம் நியாயமானதா என்று உரசிப் பார்க்கும் உரைகல் இது என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1793-இலேயே சொல்லிவிட்டார்.

நம் நாட்டுச் 'சமூக ஒப்பந்தம்'

மலேசியாவில் இந்தச் சொல் காதில் விழுந்ததும் 1957 ஞாபகம் வருவது இயல்பு. மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன் மலாய், சீன, இந்தியச் சமூகங்களின் கட்சிகளான அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. தலைவர்கள் பேசி முடித்த விட்டுக்கொடுப்புகள்: ஒரு பக்கம் மலாய்க்காரர் அல்லாதோருக்குக் குடியுரிமை, மறுபக்கம் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில் வரும் மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை. இதைச் சமூக ஒப்பந்தம் என்று அழைப்பது பின்னால் வந்த அரசியல் வழக்கு. கூட்டரசு அரசியலமைப்பில் அந்தச் சொற்றொடரே கிடையாது. அதோடு, இது சமூகங்களின் பெயரால் தலைவர்கள் செய்த பேரம். லாக்கின் ஒப்பந்தமோ தனி ஆட்களுடையது. அப்பா கொடுத்த வாக்கு பிள்ளையைக் கட்டாது என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டையும் பற்றிப் பேசுங்கள், தாராளமாக. ஆனால் ஒன்றின் பலவீனத்தைக் காட்டி இன்னொன்றை வீழ்த்திவிட்டதாக நினைக்காதீர்கள்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி

என்னைக் கவிழ்த்தது இதுதான். இன்றும் யாராவது இதைச் சொன்னால் எரிச்சல் வருகிறது.

லாக்கின் ஆட்சி பற்றிய இரண்டாம் நூலில் 119-ஆவது பத்தி. வாய்விட்டுச் சம்மதிக்காவிட்டாலும், ஒரு நாட்டில் நிலம் வைத்திருப்பவர், ஒரு வாரம் மட்டும் தங்குபவர், ஏன், நெடுஞ்சாலையில் போகிறவர்கூட மௌனமாகச் சம்மதிக்கிறார் என்று வருகிறது. அந்தப் பத்தியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு மேடையேறினேன். எதிரணியில் கடைசியாகப் பேசிய பெண் 122-ஆவது பத்தியைப் படித்துவிட்டு வந்திருந்தார். சட்டத்துக்கு அடங்கி, அமைதியாக வாழ்ந்து, நாட்டின் பாதுகாப்பை அனுபவித்தால் மட்டும் ஒருவர் அந்தச் சமூகத்தின் உறுப்பினராகிவிட மாட்டார் என்று அதே லாக் அங்கே சொல்கிறார். உறுப்பினராக வேண்டுமென்றால் வெளிப்படையான வாக்குறுதி தேவை. மூன்று பத்தி தள்ளிப் படித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் நடந்ததை விளக்கினேன். பாதியிலேயே கேட்டார்: "அப்போ நான் எதுக்குடா சம்மதிச்சேன்?"

பாட்டியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே கிழவியானவர். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் கடைசிவரை நிரந்தரவாசி. ஓட்டு கிடையாது. என் பேச்சுப்படி பார்த்தால் அவர் எழுபது வருடமாகச் சம்மதித்துக்கொண்டே இருந்தவர். எதற்கு என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் சொல்வதற்கு இல்லை என்பதை ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1748-இலேயே காட்டிவிட்டார். வேற்று மொழி தெரியாத, அன்றாடக் கூலியில் வயிற்றைக் கழுவும் ஓர் ஏழை, நினைத்தால் நாட்டை விட்டுப் போகலாம் என்று சொல்வது எப்படி இருக்கிறதாம்? தூங்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் ஏற்றிவிட்டு, கடலில் குதிக்காமல் இருக்கிறானே, ஆகவே கேப்டனின் அதிகாரத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்பதைப் போல இருக்கிறதாம். பட்டர்வொர்த்தில் காசு கொடுத்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறுகிறவரிடம் சம்மதம் பற்றிப் பேசலாம். பாட்டியின் தாயார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றப்பட்டபோது கைக்குழந்தை. நிஜமாகவே தூக்கத்தில் வந்தவர். அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலி. 1910-இல் மலாயாவில் அந்த முறை நிறுத்தப்படும் வரை நம் ஆட்கள் பலருக்கு 'ஒப்பந்தம்' என்றால் படிக்கத் தெரியாத தாளில் வைத்த கைரேகைதான். அந்தக் குடும்பத்துப் பிள்ளை நான், மேடையில் நின்று தங்கியிருப்பதே கையெழுத்து என்று முழங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. "இருக்கிறாய், ஆகவே சம்மதித்தாய்" என்பதைத் திருப்பிப் போட்டால் "பிடிக்கவில்லையென்றால் போய்விடு" என்று வரும். அந்த வசவு நம் காதுக்குப் புதிதில்லை. அதற்கு நாமே தத்துவச் சட்டை மாட்டிவிட வேண்டுமா?

சரி, தண்ணீர், ரோடு என்று பேசியே ஆக வேண்டும் என்றால் அதற்கு வேறு வாதம் இருக்கிறது. கூட்டு முயற்சியின் பலனை அனுபவிப்பவர் அதன் பாரத்திலும் தன் பங்கைச் சுமக்க வேண்டும் என்று சட்டத் தத்துவவாதி ஹார்ட் 1955-இல் எழுதினார். இதில் சம்மதம் என்ற பேச்சே தேவையில்லை. அமெரிக்கத் தத்துவவாதி நோசிக் 1974-இல் அதையும் மடக்கினார்: அக்கம்பக்கத்தார் ஒலிபெருக்கி வைத்து ஆளுக்கொரு நாள் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், நீங்கள் கேட்காமலே அது உங்கள் காதில் விழுகிறது, அதற்காக உங்கள் முறை வரும்போது ஒரு நாளைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? தைப்பூசத்தின்போது பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் குடியிருப்பவர்களிடம் கேட்டால் நல்ல பதில்கள் கிடைக்கும்.

ரால்ஸின் திரை

1971-இல் அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் அறியாமைத் திரையோடு வந்தார். தான் யார், எந்தச் சாதி, எவ்வளவு பணம் என்று தெரியாத நிலையில் என்ன விதிகளைத் தேர்ந்தெடுப்போம் என்பது அவருடைய கேள்வி. திரைக்குப் பின்னால் நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டோம் என்று எழுதாதீர்கள். கற்பனை ஒப்பந்தம் என்பது நிஜ ஒப்பந்தத்தின் மங்கலான வடிவம்கூட இல்லை, அது ஒப்பந்தமே இல்லை என்று சட்டத் தத்துவவாதி டுவார்க்கின் 1973-இல் சொன்னதை நடுவர்கள் படித்திருப்பார்கள்.

"வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்"

சொல்லவில்லை.

விமர்சகர்களைக் கடைசிப் பத்தியில் தள்ளுவது

நானும் இதைச் செய்தேன்: நான்கு பக்கம் லாக், முடிவில் "இருப்பினும் பெண்ணியவாதிகள் சில குறைகளைக் கூறுகின்றனர்." கரோல் பேட்மன் 1988-இல் சொன்னது சில்லறைக் குறை இல்லை. சுதந்திரமான ஆண்கள் கூடி ஒப்பந்தம் செய்தார்கள் என்ற கதைக்கு அடியில், பெண்களை அந்த ஆண்களுக்குக் கீழே வைத்த இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார். தத்துவவாதி சார்ல்ஸ் மில்ஸ் 1997-இல் அதே கேள்வியை இனத்தின் பக்கம் திருப்பினார். 'எல்லா மனிதர்களும்' என்றபோது உள்ளே சேர்க்கப்பட்டவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார்? அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கு வைத்திருந்தார் என்பது தெரிந்த பிறகு, 119-ஆவது பத்தியையே வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது.

அந்த மாணவருக்கு 122-ஆவது பத்தியோடு மில்ஸின் முதல் அத்தியாயத்தையும் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பக்க எண்ணிக்கையைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.