ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் பார்ப்பது எப்படி?

‘கேஷ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திறந்ததும் பொருளுக்குப் பாயக் கூடாது. அதே எழுத்தில் எத்தனை தலைச்சொற்கள் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு வேறு சொற்களானால் பக்கத்தில் சிறிய எண் போட்டுப் பிரித்திருப்பார்கள்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு ‘காஸ்’ அல்லது இத்தாலிய ‘காஸ்ஸா’விலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. இன்னொரு கேஷ், கீழை நாடுகளில் புழங்கிய சில்லறை நாணயம். நம் ‘காசு’ போர்ச்சுகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது இந்தச் சொல்லில்தான். சென்னைக்காக 1803-இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில் ‘கேஷ்’ என்றே பொறித்திருக்கிறது, ரோமன் எண்ணில் இருபது என்ற மதிப்போடு. இரண்டு கேஷையும் ஒன்றாக்குவதால்தான் ‘வங்கியில் வாங்கும் கேஷும் தமிழே’ என்ற பேச்சு ஓயாமல் சுற்றுகிறது.

அடுத்து, அகராதி ஆண்டோடு தரும் மேற்கோள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பழையது முதலில் வரும். அந்த ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல, எழுத்தில் இதுவரை கிடைத்த முதல் சான்று மட்டுமே. 1884 முதல் 1928 வரை வெளியான முதல் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பல சொற்களுக்கு அதைவிடப் பழைய சான்றுகள் பின்னால் கிடைத்துவிட்டன. ஆண்டை எழுதுமுன் புதிய பதிப்போடு ஒத்துப் பாருங்கள்.

சொல்வரலாற்றுப் பகுதியில் ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் ‘cf.’ குறியைக் கண்டதும் ‘இதிலிருந்து வந்தது’ என்று படித்துவிடுவது பலரும் செய்யும் பிழை. அது உறவையோ ஒற்றுமையையோ காட்டும், பிறப்பைக் காட்டாது. நட்சத்திரக் குறி போட்ட வடிவம் எந்த ஏட்டிலும் இல்லாதது, அறிஞர்கள் மீட்டுருவாக்கியது.

ஒலி ஒற்றுமையை நம்பும் முன் பழைய வடிவத்துக்குப் போங்கள். ‘ஒன்’னும் ‘ஒன்று’ம், ‘எயிட்’டும் ‘எட்டு’ம் இன்றைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அவை ‘ஆன்’, ‘எயாஹ்தா’. லத்தீனில் ‘ஊனுஸ்’, ‘ஆக்டோ’. பின்னே போகப் போக ஒற்றுமை கரைகிறது.

தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்க பர்ரோ – எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் போதும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இரண்டையும் இலவசமாகத் தேடலாம். யூல், பர்னல் தொகுத்த 1886-ஆம் ஆண்டின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களின் அகராதி, படிக்கச் சுவையானது. அதன் மேற்கோள்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் பற்றிய ஊகங்களை அப்படியே ஏற்காதீர்கள்.

முதலெழுத்துகளைக் கூட்டிய கதைகளை ஆரம்பத்திலேயே சந்தேகிக்கலாம். ‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்து என்பது கட்டுக்கதை. ‘புதியது’ என்பதன் பன்மைதான் அது. எழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் பரவியதே 20-ஆம் நூற்றாண்டில்.