இரண்டு ஊரின் நலத்தை அளந்து ஒப்பிடுவது எப்படி? ஏணிக் கேள்வியில் நான் பிழைவிட்ட இடமும் திருத்திய விதமும்

திருகோணமலையில் எங்கள் சங்கத்திடம் கொஞ்சம் காசு இருந்தது. குச்சவெளிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர், தம்பலகாமம் பக்கம் ஒரு வயலூர். எதில் முதலில் வேலை தொடங்குவது என்று மூன்று கூட்டம் பேசியும் முடிவில்லை. ஆளாளுக்குத் தெரிந்த குடும்பத்தின் கதையைச் சொன்னார்கள். "அப்ப ஆக்களிட்டயே கேப்பம்" என்று நான்தான் பொறுப்பெடுத்தேன். முதல் சுற்றில் வந்த விடை பிழையாகப் போனது. அதைத் திருத்த நான் படித்ததையும் செய்ததையும் கீழே எழுதுகிறேன். முதல்முறை ஆய்வு செய்யப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு இது உதவவேண்டும்.

படி 1: என்ன அளக்கிறோம்?

வருமானம், கூரை, மலசலகூடம் எல்லாம் வெளியிலிருந்து பார்த்து எண்ணக்கூடியவை. ஒரு ஆள் தன் வாழ்க்கையைத் தானே எப்படி மதிக்கிறார் என்பது வேறு. அதைக் கேட்டுத்தான் அறியலாம். இரண்டும் வேண்டும். பூட்டான் நாடு தேசிய மகிழ்ச்சிக்கு 9 துறைகளில் 33 குறிகாட்டிகள் வைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு ஊருக்குப் போகிறோம், அவ்வளவு வேண்டாம். 20 நிமிடத்துக்கு மேல் போனால் அடுப்பில் வைத்த சோறு கருகும், பதிலும் ஏனோதானோ என்று வரும்.

நான் எடுத்தவை மூன்று. ஒன்று, அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரில் 1965இல் எழுதிய ஏணிக் கேள்வி. 0 முதல் 10 வரையான ஏணியில் உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கும். உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இதை வைத்துத்தான். இரண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி. கடந்த இரண்டு கிழமையில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு வரும். மூன்று, கண்ணால் பார்க்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு விசயம்: தண்ணீர், வேலை, கடன், அடகு, ஆஸ்பத்திரித் தூரம், பிள்ளைகளின் படிப்பு.

படி 2: எத்தனை வீடு, எந்த வீடு?

95 வீத நம்பிக்கையோடு, கூடக் குறைய 10 வீதப் பிழையைத் தாங்கலாம் என்றால் 96 பேர் வேண்டும். ஊர் சின்னது என்றால் குறையும். 240 வீடுள்ள ஊருக்கு 96ஐ (1 + 95/240) ஆல் பிரியுங்கள் (இந்த 95, 96இல் ஒன்று குறைத்தது). 69 வரும். சிலர் மறுப்பார்கள், சில வீடு பூட்டியிருக்கும் என்று 80 வீட்டைத் தெரிவுசெய்தேன். கிராம அலுவலரிடம் விளக்கிச் சொல்லி வீட்டுப் பட்டியலுக்கு அனுமதி எடுங்கள். 240ஐ 80ஆல் பிரித்தால் 3. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஒரு துண்டு குலுக்கி எடுத்து, அந்த வீட்டில் தொடங்கி மூன்றுக்கு ஒன்றாகப் போகவேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். வேறு வேறு நேரத்தில் மூன்று தரம் போங்கள்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். படலையைத் திறப்பவரிடமே கேட்டால் உங்கள் ஆய்வு முழுக்கப் பகலில் வீட்டில் நிற்கும் பெண்களின் கதையாகிவிடும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் குலுக்குங்கள். கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேட்கும் முறை புத்தகங்களில் இருக்கிறது. முதியவர்கள் இருக்கும் வீட்டில் அது வாக்குவாதத்தில் முடிந்தது, எனக்குத் துண்டுதான் பிடித்தது. வீட்டில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு பேரில் ஒருவருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு ஒன்றல்ல. கணக்கில் ஒவ்வொரு பதிலுக்கும் அந்த எண்ணிக்கையையே நிறையாகக் கொடுக்கவேண்டும், அதாவது ஆறு பேர் உள்ள வீட்டின் பதிலை ஆறு தரம் எண்ணவேண்டும்.

படி 3: கேள்வியின் தமிழ்

இதில்தான் நான் விழுந்தேன், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் சுற்றில் ஏணியைக் காட்டாமல், கேள்வியைச் சுருக்கி நான் கேட்டது இது: "உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள்? 0 முதல் 10 வரை சொல்லுங்கள்." கடற்கரை ஊரில் ஒரு அம்மா, தகரக் கூரை, முற்றத்தில் காயாத வலை. "பத்தெண்டு போடுங்கோ தம்பி. கடவுள் தந்தது போதும்." போட்டேன். கேள்வி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கதை வந்தது. வாடைக் கடல், இரண்டு கிழமையாக வள்ளம் இறங்கவில்லை. மகளின் தோடு அடகில். கடையில் கடன் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். கொப்பியில் நான் எழுதிய பத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. திருப்தியா என்று கேட்டால் எங்கள் ஆக்களுக்கு அது மனப்பக்குவத்தைக் கேட்பதுபோல. திருப்தியில்லை என்பது நன்றி கெட்ட பேச்சு. கிண்ணியாவில் இதே கேள்வியைக் கேட்ட நண்பர் ஒருவருக்கு வீட்டுக்கு வீடு "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் பதில். கூடப்போன பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பத்துப் போட்டிருந்தது.

அந்தச் சுற்றில் கடற்கரை ஊர் வயலூரைவிட மேலே நின்றது. அதைச் சங்கத்தில் வாசித்திருந்தால் காசு பிழையான இடத்துக்குப் போயிருக்கும்.

திருத்தம் ஒன்று: "திருப்தி" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மட்டையில் 11 படியுள்ள ஏணி கீறி, கையில் ஒரு சிப்பி கொடுத்து இப்படிக் கேட்டேன்: "இந்த ஏணியின் உச்சிப் படி, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை. அடிப் படி ஆக மோசமான வாழ்க்கை. இப்ப நீங்கள் நிக்கிற படியில சிப்பியை வையுங்கோ." வாயால் சொல்லும்போது பத்து என்றவர்கள் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். அந்த யோசனைதான் எனக்கு வேண்டியது.

திருத்தம் இரண்டு: உண்மையான ஆய்வுக்கு முன் ஏழெட்டுப் பேரிடம் கேட்டுவிட்டு, "இந்தப் படியை ஏன் தெரிஞ்சீங்கள்? கேள்வியில நான் என்ன கேட்டனெண்டு விளங்கினீங்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். இதைத் தவறவிட வேண்டாம். ஐந்து கேள்வியில் ஒன்று, எழும்பும்போது களைப்பாறிப் புத்துணர்ச்சியாக இருந்ததா என்பது. நான் "விடிய எழும்பும்போது" என்று எழுதியிருந்தேன். இரவுத் தொழிலுக்குப் போகும் ஒரு அண்ணன், "விடியத்தானே தம்பி நான் கரைக்கு வாறன்" என்றார். "நித்திரையால் எழும்பும்போது" என்று மாற்றினேன்.

திருத்தம் மூன்று: ஒரே ஏணியில் ஒரு ஊர் ஏழு என்பதும் மற்ற ஊர் ஏழு என்பதும் ஒன்றா? நாடுகளை ஒப்பிடுபவர்களுக்கும் இதே தொல்லை. அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் கூட்டாளிகளும் 2004இல் ஒரு வழி எழுதினார்கள். கற்பனை ஆள் ஒருவரின் கதையைச் சொல்லி, அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்பது. நான் இரண்டு கதை எழுதினேன். அதில் ஒன்று:

"செல்வம் உங்கட வயசுதான். மேசன் வேலை, கிழமையில மூண்டு நாள்தான் கிடைக்கும். கிணத்துத் தண்ணி நல்லது. மனுசிக்கு நீரிழிவு, மாதா மாதம் கிளினிக். கடையில கொஞ்சம் கடன். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். செல்வத்தின்ர சிப்பியை எங்க வைப்பீங்கள்?"

மற்றக் கதை இன்னும் கஷ்டப்பட்ட ஒருவர். கதையில் மீனவரோ விவசாயியோ வரக்கூடாது, ஒரு ஊருக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவார். பெண்களிடம் கேட்கும்போது செல்வத்தைச் செல்வியாக்குங்கள். செல்வத்தின் வாழ்க்கை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஒரு ஊர் அவரை எட்டிலும் மற்ற ஊர் ஐந்திலும் வைத்தால், அந்த ஊர்களின் அளவுகோலே வேறு. பிறகு ஒவ்வொருவரும் தன்னைச் செல்வத்துக்குக் கீழே, சமமாக, மேலே என்று எங்கே வைத்தார் என்று எண்ணுங்கள். இரண்டு கதைக்கும் சேர்த்து ஐந்து இடம் வரும்: மற்றவருக்குக் கீழே, அவருக்குச் சமம், இருவருக்கும் நடுவில், செல்வத்துக்குச் சமம், செல்வத்துக்கு மேலே. ஏணி எண்ணைவிட இதை நான் நம்புகிறேன். தகரக் கூரை அம்மாவிடம் இரண்டாம் சுற்றில் திரும்பப் போனேன். தன் சிப்பியை ஏழில் வைத்தா. செல்வியின் சிப்பியை ஒன்பதில் வைத்தா. எண் உயரம்தான், ஆனால் இடம் செல்விக்குக் கீழே.

ஏணிக் கேள்வி முதலில் வரவேண்டும், கதைகள் உடனே பிறகு. கடன், நோய் பற்றிய கேள்விகள் கடைசியில். அவற்றை முதலில் கேட்டால் மனம் இறங்கி, படியும் இறங்கும்.

படி 4: எப்போது போவது?

ஒரே இரண்டு கிழமைக்குள் இரண்டு ஊரும் முடியவேண்டும். எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிப்பு. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். மார்கழியில் கடற்கரையையும் பங்குனியில் வயலூரையும் கேட்டுவிட்டு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது பருவத்தை. ஒரே கிழமையில் கேட்டாலும் பருவம் இரண்டு ஊருக்கும் ஒன்றுபோல் நிற்காது. அதனால் வருடத்தில் இரண்டு தரம், வாடையில் ஒன்றும் கடல் அமைதியான காலத்தில் ஒன்றும் போவது நல்லது. காசு ஒரு தரத்துக்குத்தான் போதுமென்றால் மாதத்தை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

படி 5: படலையில் சொல்லவேண்டியது

சுனாமி, யுத்தம், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம், பிறகு அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டம் என்று எங்கள் மாவட்டத்து ஆக்களின் பெயர் எத்தனையோ பட்டியலில் ஏறி இறங்கியது. கொப்பியோடு ஒருவர் வந்தால் நிவாரணப் பதிவு என்றுதான் நினைப்பார்கள், அல்லது பயப்படுவார்கள். முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: "இது நிவாரணப் பதிவில்லை. உங்கட பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதியமாட்டன். விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லலாம், இடையிலயும் நிப்பாட்டலாம்." பட்டியலுக்கு உதவிய அலுவலரைப் பேட்டிக்குக் கூட்டிப்போகாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் முன்னால் வரும் பதில் வேறு. மாமியின் முன்னால் மருமகள் சொல்லும் பதிலும் அப்படித்தான். முற்றத்து மர நிழலில் தனியாக இருத்திக் கேளுங்கள்.

படி 6: கருவி

கோபோ டூல்பாக்ஸ், போனிலேயே கேள்வி கேட்டுப் பதிலைப் பதியும் கருவி. வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். அண்ட்ராய்ட் போனில் சிக்னல் இல்லாமல் வேலை செய்யும், டவுனுக்கு வந்து அனுப்பலாம். கூகுள் படிவம் இணையம் இல்லாத இடத்தில் கைவிட்டுவிடும். பதில்களை இலக்கமாகச் சேமிக்கும்படி அமையுங்கள், எக்செல்லில் தமிழ் பெட்டி பெட்டியாக வந்தாலும் கணக்குக் கெடாது. கணக்குக்கு லிப்ரே ஆபிஸ் போதும். ஏணியும் சிப்பியும் கடதாசியில்தான், போன் திரையில் வேண்டாம்.

*சேர்த்தது:* கேள்வியைக் கோபோவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது என்று மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அது பாமினி என்ற யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்துவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பிறகு ஒருதரம் முழுக்க வாசியுங்கள், கொம்பும் அரவும் சில இடத்தில் இடம் மாறும்.

படி 7: வித்தியாசம் உண்மையா?

ஊருக்கு 70 பேர், பதில்களின் நியம விலகல் (சராசரியிலிருந்து பதில்கள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) 2 என்று வையுங்கள். ஒரு ஊரின் சராசரிக்கு நியம வழு (வேறு 70 பேரைக் குலுக்கியிருந்தால் சராசரி எவ்வளவு ஆடும் என்ற அளவு) 2ஐ 70இன் வர்க்கமூலத்தால் பிரித்தது, 0.24. இரண்டு ஊரின் வித்தியாசத்துக்கு அதை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கவேண்டும், 0.34. 95 வீத நம்பிக்கைக்கு அதை 1.96ஆல் பெருக்கினால் 0.66. அதாவது ஒரு ஊர் 5.4, மற்றது 5.8 என்று வந்தால் எது மேல் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. 0.4 என்பது குலுக்கலிலேயே வரக்கூடியது. நிறை கொடுத்த கணக்கில் இந்த எல்லை இன்னும் கொஞ்சம் அகலும்.

சராசரியோடு நிற்காதீர்கள். எல்லோரும் ஐந்தில் நிற்கும் ஊருக்கும், பாதிப்பேர் இரண்டிலும் பாதிப்பேர் எட்டிலும் நிற்கும் ஊருக்கும் சராசரி ஒன்றுதான். செல்வத்துக்குக் கீழே நிற்பவர்கள் எத்தனை வீதம், அவர்கள் ஆணா பெண்ணா, எந்த வயது என்று பிரித்துப் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவை வெளியில் காட்டாதீர்கள். சின்ன ஊரில் "55 வயது, தனியாக இருக்கும் பெண்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

*இன்னொன்று சேர்த்தது:* மொறவெவப் பக்கம் சிங்கள ஊரையும் சேர்த்து ஒப்பிட விரும்பும் ஒருவர், கேள்வியைச் சிங்களத்துக்கு மாற்றினால் போதுமா என்று கேட்டார். போதாது. ஒருவர் மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் தமிழுக்குத் திருப்பட்டும். இரண்டு தமிழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "திருப்தி" போல ஒரு சொல் அங்கேயும் ஒளிந்திருக்கும். செல்வத்தின் கதை அங்கேயும் போகவேண்டும், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

படி 8: ஊருக்குத் திரும்பப் போங்கள்

அச்சடித்த அறிக்கை வேண்டாம். மாதர் சங்கக் கூட்டத்தில் பெரிய ஏணியைச் சுவரில் ஒட்டி, ஒரு பதிலுக்கு ஒரு சிப்பியாகப் படிகளில் ஒட்டிக் காட்டினேன், பெயர் இல்லாமல். கடற்கரை ஊரில் கீழ்ப்படிகளில் சிப்பி குவிந்து கிடந்தது. சனம் கனநேரம் பேசவில்லை. பிறகு ஒரு பெரியம்மா எழும்பி வந்து இரண்டாம் படியைத் தொட்டு, "இதில நிக்கிறது கூட இளம் பெடிச்சியளோ?" என்று கேட்டா. அந்தப் பிரிவை நான் பார்த்திருக்கவில்லை. அன்றிரவே கணக்கைத் திறந்து வயதுவாரியாகப் பிரித்தேன். அடுத்த சுற்றின் கேள்விக்கொத்தில் வேலை தேடும் பெண்களுக்கென்று மூன்று கேள்வி சேர்ந்தது அப்படித்தான்.